ஒன்பதுக்குப் பிறகு ஒரு கமா

என் வீட்டுக்காரரைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை என்று அவரே சொல்வார். "என்ன இருக்கு எழுத? மோடம் மாட்டினேன், மோடம் கழட்டினேன்." அவருடைய சுயசரிதை அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். ஒன்றுமில்லை என்று அவர் கையை உதறும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். படிக்கக் கொடுத்தால் "நீளம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போவார். போகட்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மோடம் என்றால் சுவரில் மினுமினுக்கும் வைஃபை பெட்டிதான் தெரியும். நான் சொல்வது அதற்கு முந்தியது. ஓர் ஊரிலிருக்கும் கம்ப்யூட்டர் இன்னோர் ஊரிலிருக்கும் கம்ப்யூட்டரோடு சாதாரண டெலிபோன் வழியாகப் பேச வைக்கும் பெட்டி. முன்பக்கம் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சிவப்பு விளக்குகள். இந்தப் பெட்டி டயல் செய்யும். அந்தப் பக்கத்துப் பெட்டி எடுத்துக் கீச்சென்று கத்தும். இதுவும் பதிலுக்குக் கத்தும். இரண்டுக்கும் ஒத்துப்போனதும் சத்தம் அடங்கி வேலை நடக்கும். பூனையைக் குக்கருக்குள் போட்டு மூடினது போல இருக்கிறது என்பான் என் தம்பி. அவன்தான் இவருக்குக் கீச்சுக்காரர் என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள்கூட வாசலில் நின்று "கீச்சுக்காரர் இருக்காரா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவருக்கு ஒன்றும் இருக்காது.

அந்தப் பெட்டிக்குக் கட்டளைகளைக் கீபோர்டில் தட்டிக் கொடுக்க வேண்டும். எல்லாமே AT என்று தொடங்கும். கவனி என்று அர்த்தமாம். ATDT என்று போட்டுப் பக்கத்தில் நம்பரைக் கொடுத்தால் டயல் செய்யும். ATH என்றால் போனை வைத்துவிடும். ATM0 என்றால் வாயை மூடிக்கொள்ளும், சத்தம் வெளியே கேட்காது. ATM1 என்றால் மறுபடி கேட்கும். சொன்னது சரியென்றால் OK என்று பதில் வரும், தப்பென்றால் ERROR. ஏன் எதற்கு என்று கேட்காது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, பழசைக் கிளறாது. இப்படியொரு பேச்சுத்துணை கிடைத்த மனிதன் பெண்டாட்டியிடம் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்?

கஞ்சத்தனம் என்றால் பேச்சில் அப்படியொரு கஞ்சத்தனம். ஒரு தடவை சண்டை முற்றிப்போய் நான் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோடம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல அதைக் கூப்பிடணும்னா, ஒரு நொடி சும்மா இருக்கணும். அப்புறம் மூணு ப்ளஸ் தட்டணும். அப்புறம் இன்னொரு நொடி சும்மா இருக்கணும். உங்கிட்ட அந்த ஒரு நொடி கிடைக்கவே மாட்டேங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சண்டை அதோடு போச்சு. மூன்று வருஷத்துக்கான பேச்சை அன்றைக்கே அவர் பேசித் தீர்த்துவிட்டார் என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவருடைய கட்டளை வரிகளும் அப்படித்தான். மற்றவர்கள் ஒரு முழ நீளத்துக்குத் தட்டுவதை இவர் விரல் நீளத்தில் முடிப்பார். அதில் ஒரு கர்வம் உண்டு. கர்வம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் கர்வம்தான்.

ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கு இருந்தது. பழமும் மருந்தும் வைக்கிற இடம். ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று ஒரு கம்ப்யூட்டர் குறித்து வைத்து, தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மோடம் வழியாக வேறு நகரத்திலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அந்த மோடத்தை மாட்டியவர் இவர்தான். அங்கே ஒரு மேனேஜர். கீச்சுச் சத்தம் கேட்டாலே அவருக்குத் தலைவலி. "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் பேயோட வாயைக் கட்டுங்க" என்று கெஞ்சினார். இவரும் ATM0 போட்டு வாயைக் கட்டிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கிடங்குக்குள்ளேயே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் வைத்தார்கள். வெளியே போன் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒன்பதை அழுத்த வேண்டும். இவர் போய் மோடத்தின் நம்பருக்கு முன்னால் ஒரு ஒன்பதைச் சேர்த்தார். இந்த இடத்தில் எல்லாரும் ஒன்பதுக்குப் பிறகு ஒரு கமா போடுவார்கள். கமா என்றால் மோடத்துக்கு, இரண்டு நொடி பொறு என்று அர்த்தம். வெளி லைன் கிடைக்கும்வரை பொறுத்துவிட்டு மீதி நம்பரைத் தட்டும். இவர் கமா போடாமலே சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. ரெண்டு நொடி எதுக்கு வீணா என்று அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

பிறகு அந்த எக்ஸ்சேஞ்சில் எல்லா அறைக்கும் போன் இணைப்புக் கொடுத்தார்கள். அது மந்தமாகிப்போனது. ஒன்பதை அழுத்தினால் வெளி லைன் ஒரு கணம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் மோடம் அடுத்த எண்ணைத் தட்டிவிடும். அடுத்த எண் பூஜ்யம், வெளியூர் என்பதற்கான பூஜ்யம். அது காற்றில் போய்விடும். பூஜ்யம் போனால் மிச்சமிருப்பது உள்ளூர் நம்பர் மாதிரிதானே? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தனக்கு வேண்டிய எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஊரிலேயே யாரோ ஒருவர் வீட்டில் மணியை அடிக்கும். இத்தனையும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நீங்களும் என்னை மாதிரி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமே என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

இப்படி எத்தனையோ மாதம் ஓடியது. தினமும் மூன்று மணிக்கு மோடம் கூப்பிடும். எதிரே யாரும் கீச்சிடாததால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, திரையில் NO CARRIER என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். எதிர்முனையில் பெட்டி எதுவும் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். குமாஸ்தா அலுத்துக்கொண்டே கணக்கைத் தாளில் எழுதி ஃபேக்ஸில் அனுப்பிவிடுவார். லைன் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எந்த ஆபீசிலும் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஒருநாள் தலைமை அலுவலகத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். மேனேஜர் இவருக்குப் போன் செய்தார்.

அன்றைக்கு நடந்ததைப் பின்னால் மேனேஜர்தான் எனக்கு விலாவாரியாகச் சொன்னார். இவர் மூன்று மணிக்குச் சற்று முன்னால் போய் உட்கார்ந்து, கோளாறு எங்கே என்று காதால் கேட்பதற்காக ATM1 போட்டு மோடத்தின் வாயைத் திறந்துவிட்டார். பெட்டி டயல் செய்தது. மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை, யாரோ எடுத்தார்கள். பிறகு அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"வந்துட்டியா கண்ணு? உனக்காகத்தான் மெஷினை நிறுத்திட்டு உக்காந்திருக்கேன். பேச வேணாம், நானே பேசறேன். பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்கல்ல, சீருடை வந்து மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. பட்டன் தச்சுத் தச்சு விரலே மரத்துப்போச்சு. நீ இருந்தா அந்தப் பட்டன் வேலையெல்லாம் நீ பாத்துக்குவ... அப்புறம், தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சுடா. நல்ல பையன். சாப்பிட்டியா நீ? சரி சரி, நேரமாச்சு, கட் ஆயிடும். உடம்பைப் பாத்துக்கோ, தலை வலிச்சா சும்மா மாத்திரை போடாத..."

கட்டாகிவிட்டது. திரையில் NO CARRIER.

"சார், பெட்டிக்குள்ள யாரு சார்?" என்றாராம் மேனேஜர். "உங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்கணுமே அன்னைக்கு! பேயறைஞ்ச மாதிரின்னு சொல்வாங்களே, நான் அப்பதான் நேர்ல பாத்தேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். டீயை வைத்தேன், ஆடை கட்டிப்போனது. பிறகு பேச ஆரம்பித்தார், நிறுத்தாமல் பேசினார். கூப்பிடுகிற பெட்டி தானாக முதலில் கத்தாது, எதிர்ப்பெட்டி கத்தினால்தான் கத்தும், அதனால் அந்தம்மாவுக்கு இத்தனை மாதமும் வெறும் மௌனம்தான் கேட்டிருக்கிறது என்றார். ஒன்பதையும் பூஜ்யத்தையும் கமாவையும் அப்போதுதான் சொன்னார். யாரோ பையன் வீட்டை விட்டுப் போயிருக்கிறான், அவன்தான் தினமும் கூப்பிட்டுப் பேசாமல் நிற்கிறான் என்று அந்தம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

"ஐயோ பாவமே! நாளைக்கே போய் அந்தக் கமாவைப் போட்டுத் தொலைங்க" என்றேன்.

"போட்டா அந்தம்மாவுக்கு போன் வராதே."

"இப்ப மட்டும் வர்றது போனா?"

அப்போதுதான் எழுந்து போய்ச் செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் காலையிலேயே கிடங்குக்குப் போனவர் மூன்று மணிவரை கீபோர்டைத் தொடவில்லை. ஒரே ஒரு தடவை, கடைசியாகக் கேட்டுவிட்டுப் போட்டுவிடலாம் என்று நினைத்தாராம். மோடம் கூப்பிட்டது. குரல் வந்தது. அதே அம்மாதான், ஆனால் அன்றைக்குக் குரலில் கோபம்.

"ஏன்டா, உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? கூடப் பிறந்தவ கல்யாணத்துக்கு வருவியா மாட்டியா, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. தினமும் நானே லூசு மாதிரி பேசிட்டு... உன் தங்கச்சி என்னைப் பைத்தியம்ங்கறா. பேச முடியாதுன்னா இனிமே கூப்பிடாத. ஆமா, கூப்பிடவே கூப்பிடாத. எனக்கும் முடியலை."

இவர் கமாவைப் போட்டார். AT&W என்று தட்டிச் சேமித்தார். தலைமை அலுவலகத்துப் பெட்டி கீச்சிட்டது, இதுவும் கீச்சிட்டது, கணக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் கையைக் குலுக்கி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, "அவங்களே கூப்பிடாதன்னு சொல்லிட்டாங்க" என்றார் என்னிடம். தப்பித்த மாதிரி ஒரு மூச்சு விட்டார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வீட்டில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். நான் எடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த ஆபீசுக்குப் போய் எந்த மோடத்தை மாட்டினாலும் வாயைத் திறந்துவிட்டு அதன் மேல் காதை வைத்துக்கொண்டு குனிந்திருப்பாராம். டயல் செய்வதற்கு முன்னால் ஒரு சின்ன இரைச்சல் வரும், உஸ்ஸென்று. அதில் யாரோ மூச்சு விடுவது கேட்கிறது என்றார். "லைன் சத்தங்க அது" என்று நான் அவருக்கே பாடம் நடத்தினேன். தலையாட்டினார். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் கை வேலையை விட்டுவிடும். சாப்பாடு இறங்கவில்லை. ஆள் பாதியாகிப்போனார்.

"பேய் பிடிச்ச வீடுன்னு கதை கேட்டிருக்கேன்" என்றார் ஒருநாள். "அந்தப் பேய் லைனோட இந்தப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்ன நினைக்கும்னு யோசிச்சதே இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. "உளறாதீங்க" என்று அதட்டிவிட்டு எழுந்து போனேன்.

அந்த வாரமே அவர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சாயங்காலம், நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் டயல் சுற்றும் சத்தம் கேட்டது. போனைக் கண்டாலே ஒதுங்குகிற மனுஷன் யாரைக் கூப்பிடுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அடுத்த கணம் அந்த ரிசீவரிலிருந்து சிதறின குரல் எனக்கே கேட்டது.

"கண்ணு! கண்ணு, வைக்காதடா! அம்மா கோவத்துல சொல்லிட்டேன்டா. நீ பேசவே வேணாம். கூப்பிடு, அது போதும். நான்தான் வாய்க்கொழுப்பு எடுத்து... வைக்காதடா, வைக்காத..."

அவர் வைத்துவிட்டார்.

கத்தியைப் போட்டுவிட்டு வந்தேன். "நீங்க மனுஷன்தானா? இவ்வளவு நாளும் மெஷின் பண்ணுச்சு. இன்னைக்கு நீங்களே பண்ணியிருக்கீங்க!"

"உண்மையைச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார். "வாய் வரலை."

வாய் வராதாம்! ஒரு தாய், தான் திட்டினதால்தான் பிள்ளை கூப்பிடுவதை நிறுத்திவிட்டான் என்று வெந்து செத்துக்கொண்டிருக்கிறாள். இவருக்கு வாய் வரவில்லை. அவரை அந்த இடத்திலேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் நானே அந்த நம்பருக்கு, தலைமை அலுவலக நம்பரில் பூஜ்யத்தை விட்டால் வருகிற நம்பருக்கு, போன் செய்தேன். மணி பாதி அடிப்பதற்குள் அந்தம்மா எடுத்துவிட்டார். அந்த "ஹலோ"வில் இருந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டதும் அது அப்படியே வடிந்துபோனதை மட்டும் கேட்டேன். துணி தைக்க வேண்டும், வீடு எங்கே என்று கேட்டேன். வழி சொன்னார். இவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு நீளமான கட்டடத்தின் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே கதவு. உள்ளே ஒரே அறைதான். வெள்ளைச் சட்டைகள் அடுக்கடுக்காகக் கட்டிலில் கிடந்தன. ஜன்னலோரம் தையல் மெஷின். அதற்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், ஒரு ஸ்டூலின் மேல் டெலிபோன். அதன் ஒயரைச் சுவரிலிருந்து அங்கேவரை இழுத்து, வழியில் யார் காலிலும் தட்டாதபடி தரையோடு தரையாக ஒட்டியிருந்தார்கள். தையல்காரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கழுத்தில் அளவு டேப்பு தொங்கியது. இவரைப் பார்த்து "உக்காருங்க தம்பி" என்றார்.

துணி எடுத்துவரவில்லை என்று நான்தான் ஆரம்பித்தேன். இவர் சொல்லட்டும் என்று நிறுத்தினேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? "மோடம்னு ஒரு பெட்டிம்மா. எல்லாக் கட்டளையும் AT-னு தொடங்கும்..." என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அந்தம்மா குறுக்கே பேசவில்லை. டேப்பைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒன்பதையும் கேட்டார், பூஜ்யத்தையும் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வராது" என்றார் கடைசியில்.

"கிடங்குக்கு லீவும்மா."

"அவனுக்கு லீவுன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை லீவு விடற இடம்னா நல்ல வேலையாத்தான் இருக்கும்னு நினைச்சேன்." மடியிலிருந்த டேப்பை விரலால் நீவினார். "ஒரு நிமிஷம் ஆறதுக்குள்ள கட்டாயிடுமே?"

"அது S7-னு ஒரு கணக்கும்மா. எதிர்ப்பெட்டிக்காக அம்பது நொடி பொறுக்கும். அப்புறம் வச்சிடும்."

"யாராச்சும் வந்துடுவாங்கன்னு பயந்து வைக்கிறான்னு நினைச்சேன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எம் பொண்ணு வேலைக்குப் போயிடுவா. மூணு மணிக்கு வீட்டுல இருக்க மாட்டா. போனே வரலை, நீயா எடுத்துப் பேசிக்கிறேங்கிறா. டாக்டர்கிட்ட காட்டணுங்கிறா. போன் அடிச்சது நிஜம்தானே?"

"நிஜம்தாம்மா" என்றார் இவர்.

"அப்ப எனக்குப் புத்தி ஒண்ணும் கலங்கலை." ஒரு நிம்மதி மாதிரி ஏதோ அந்த முகத்தில் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அடுத்ததை அப்போதுதான் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், என்னால் தடுக்க முடியவில்லை.

"அப்ப எம்புள்ள ஒரு தடவைகூட கூப்பிடலை."

நான் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு வந்துச்சே?" என்றார்.

"அது நான்தாம்மா" என்றார் இவர். "சொல்லணும்னு கூப்பிட்டேன். முடியலை."

அந்தம்மா இவரை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மெஷின் பக்கம் திரும்பி, பாதியில் நின்ற ஒரு காலரைத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்தப் பெட்டி இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கும்மா."

"நாளைக்கு ஒரே ஒரு தடவை அதைக் கூப்பிடச் சொல்லுங்க. அதுக்கிட்ட நான் கூப்பிடாதன்னு சொன்னதோட நிக்குது. அப்படி நிக்கக் கூடாது." டேப்பை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஆளில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க கேக்கக் கூடாது தம்பி."

மறுநாள் நானும் கிடங்குக்குப் போனேன். இவரைத் தனியாக விட எனக்குத் தைரியமில்லை. மேனேஜரிடம் சொன்னோம். முழுசும் சொல்லவில்லை, பாதி. அவர் ஒன்றும் கேட்காமல் லாரி இறக்குகிற பக்கம் போய்விட்டார். அந்த அறையில் சுவருக்கு அப்பால் குளிர்பெட்டி மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன. எனக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டும் குளிர் அடங்கவில்லை.

இவர் கமாவை எடுத்தார். ATM0 என்று தட்டிப் பெட்டியின் வாயைக் கட்டினார், நாங்கள் கேட்காமலிருக்க. பிறகு ATS7=300 என்று தட்டினார்.

ERROR என்றது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"அம்பது நொடி பத்தாது அவங்களுக்கு." 300-ஐ அழித்துவிட்டு 255 என்று போட்டார். OK என்றது. "இதுக்கு மேல இதுக்குப் பொறுமை கிடையாது" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டது. விளக்கு எரிந்தது. ஒரு சத்தமில்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு தாய் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். என்ன பேசுகிறாள் என்று தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தோம். அந்தம்மா நடுவில் போனை வைத்துவிட்டால் திரையில் BUSY என்று வரும் என்று இவர் சொல்லியிருந்தார். BUSY வரவேண்டும், அந்தம்மாவே சொல்லி முடித்துத் தானாக வைத்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டே இருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வரவில்லை.

விளக்கு அணைந்தது. NO CARRIER.

"அவங்க வைக்கலை" என்றார் இவர். "இன்னும் கையிலதான் வச்சிருக்காங்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலை விஷயத்தில் ஒரு நாளும் என்னிடம் எதையும் கேட்காத மனிதர், விரலைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"இன்னொரு தடவை கூப்பிடட்டுமா?"

கூப்பிடுங்க என்றுதான் என் வாய்வரை வந்தது. நாளைக்கும் கூப்பிடுங்க, தினமும் கூப்பிடுங்க என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வேணாங்க" என்றேன். "கமாவைப் போடுங்க."

போட்டார்.